சொத்தைப் பல்லை எதைக் கொண்டு அடைப்பது?
மார்க்கமும் மருத்துவமும் காட்டும் வழி

எல்லாப் புகழும் இறைவனுக்கே!

எந்தப் பொருள் எந்த இடத்தில் நிலைக்கும் என்பதை மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்ளலாம். பாத்திகளில் விளைந்த உப்பை வாரி ஒதுக்க அங்கே மரப்பலகையே கைகொடுக்கிறது. இரும்பை அந்த நீரில் நம்ப முடிவதில்லை. கடற்காற்று வீசும் தெருக்களில் சன்னல் கம்பிகூடச் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்ந்துவிடுகிறது. இரும்பு வலுவானதுதான். ஆயினும் வலுவான பொருளெல்லாம் எல்லா இடத்திற்கும் ஏற்றதாகிவிடுவதில்லை.

நம் வாயும் அத்தகைய ஓர் இடமே. உமிழ்நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. சூடான தேநீரும் குளிர்ந்த நீரும் மாறி மாறிப் படுகின்றன. புளிக்குழம்பின் புளிப்பும் பலகாரத்தின் இனிப்பும் தங்கிச் செல்கின்றன. மெல்லும்போது கடைவாய்ப் பற்கள் தாங்கும் அழுத்தமோ மிகப் பெரிது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிறு குழியை அடைத்து, அந்த அடைப்பைப் பத்தாண்டு நிலைக்கச் செய்வது எளிதான வேலையன்று. அதற்காக எத்தனையோ பொருள்களை மனிதன் ஆராய்ந்து பார்த்திருக்கிறான்.

இதை ஒரு மார்க்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசக நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களில் பல் சொத்தையானதும் மூன்று தயக்கங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. "பல்லை அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் படாதே, கடமையான குளிப்பு நிறைவேறுமா? குளிப்பு நிறைவேறாவிட்டால் தொழுகை என்னாவது?" என்பது முதல் தயக்கம். "வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறதாம், அது நஞ்சாமே?" என்பது இரண்டாவது. "எதை வைத்து அடைத்தாலும் ஒருநாள் விழத்தானே போகிறது, பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது" என்பது மூன்றாவது.

இந்தத் தயக்கங்களின் முடிவு என்ன? ஒரே அமர்வில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லை, இரவில் உறக்கம் கெடும்வரை வைத்திருந்து, பிறகு பிடுங்கி எறிகிறோம். உப்பளத்தில் அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு அந்த வலி உறக்கத்தோடு ஒருநாள் கூலியையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. ஆகவே இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

பல் ஏன் சொத்தையாகிறது?

பல்லின் மேலே இருக்கும் வெண்மையான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அது அமிலத்தில் கரையக்கூடியது. பல்லிடுக்கில் தங்கும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் நாள்தோறும் சிறிது சிறிதாக எனாமலை அரிக்கிறது. எனாமலைக் கடந்துவிட்டால் அடியிலிருப்பது அதைவிட மிருதுவான தந்தினி. அங்கே அரிப்பு வேகமாகப் பரவும். அதையும் கடந்துவிட்டால் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். அதுவரை சென்ற பிறகு சாதாரண அடைப்பு போதாது, வேர்ச் சிகிச்சை தேவைப்படும்.

உடைந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் வளரும். ஆனால் குழி விழுந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதனால்தான் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு பொருளால் அடைக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் அடைத்தால் சிறு குழி, சிறு செலவு. தாமதித்தால் பெருங்குழி, பெருஞ்செலவு. இந்தக் கணக்கு எல்லாப் பொருளுக்கும் பொது.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதையும், பல் துலக்குவதை எந்த அளவுக்கு வலியுறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் உடலில் ஒரு செயற்கைப் பொருளைப் பொருத்திக்கொள்வது பற்றியும் நேரடியான ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற ஸஹாபிக்கு, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கு வெட்டுண்டுபோயிற்று. அவர் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அதிலிருந்து துர்நாற்றம் வீசியது. அப்போது நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் மூக்குச் செய்து வைத்துக்கொள்ளும்படி அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றிருக்கிறது.

இதில் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தங்கம் ஆண்களுக்கு ஆகாது என்பது மார்க்கத்தின் பொதுவான சட்டம். ஆயினும் உடலில் பொருத்தும் ஒரு பொருள் கெட்டு, மனிதனுக்குத் துன்பம் தந்தபோது, கெடாத வேறு பொருள் அனுமதிக்கப்பட்டது. வெள்ளி ஏன் கெட்டது, தங்கம் ஏன் கெடவில்லை என்று பார்த்தால், இது இரண்டு பொருள்களை ஒப்பிட்டு ஏற்றதைத் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சி என்பது விளங்கும்.

இதனை அடியொற்றியே இமாம்கள் பல்லைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில், ஆண்களுக்கும் மூக்கு, விரல் நுனி, பல் ஆகியவற்றைத் தங்கத்தால் அமைத்துக்கொள்ளலாம் என்று சட்டநூல்கள் கூறுகின்றன. ஹனபி மத்ஹபில், ஆடும் பல்லைக் கட்டுவதற்கு வெள்ளியே போதும், தங்கம் வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. தங்கத்தாலும் கட்டலாம் என்பது அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. கருத்து வேறுபாடு தங்கத்தைப் பற்றியதுதான். பல்லைச் சீர்செய்யலாமா என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

முஸ்லிம் மருத்துவர்களும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. சொத்தைக் குழியைப் படிகாரமும் மஸ்தகிப் பிசினும் கலந்து அடைக்கும் முறை அர்ராஸீ அவர்களின் பெயரால் அறியப்படுகிறது. கி.பி. 1000ஐ ஒட்டி ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, ஆடும் பற்களைக் கம்பியால் கட்டும் முறையை விளக்கும்போது, வெள்ளிக்கம்பி பச்சைபூத்துக் கெட்டுவிடும், தங்கக்கம்பியோ மாறாமல் இருக்கும் என்று காரணம் காட்டுகிறார். அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கில் கண்ட அதே உண்மையை ஒரு மருத்துவர் பல்லிலும் கண்டிருக்கிறார்.

இனி இன்றைய அடைப்புப் பொருள்களுக்கு வருவோம்.

1. வெள்ளி அடைப்பு என்னும் பாதரசக் கலவை

மக்கள் வெள்ளி அடைப்பு என்று சொல்வது உண்மையில் பாதரசக் கலவை. அமால்கம் என்பது அதன் மருத்துவப் பெயர். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, ஈயம் பூசப் பயன்படும் வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூள். இரண்டையும் கலந்ததும் மெழுகுபோல் இளகியிருக்கும். குழியில் வைத்து அழுத்திவிட்டால் சில மணி நேரத்தில் கல்போல் இறுகிவிடும். அமெரிக்க மருத்துவர் ஜி. வி. பிளாக் 1890களில் இதன் கலவை விகிதத்தைச் சீர்செய்த பிறகு, நூறாண்டுக் காலம் உலகெங்கும் இதுவே கோலோச்சியது.

இதன் சிறப்புகள்: மெல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். வைக்கும்போது சிறிது ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். செலவு குறைவு. பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலைப்பது வழக்கம். இன்னொரு வியப்பும் உண்டு. வாயின் உப்புநீரில் இதன் ஓரங்கள் மெல்ல அரிக்கும்போது உண்டாகும் துரு, பல்லுக்கும் அடைப்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைத் தானே அடைத்துவிடுகிறது.

குறைகள்: நிறம் கறுப்பு. பல்லோடு ஒட்டாது. ஆகவே அது கழன்று விழாமலிருக்க, குழியின் வாயைவிட அடிப்பக்கத்தை அகலமாகக் குடைய வேண்டியிருக்கும். அதனால் நல்ல பல்லும் சிறிது வீணாகிறது.

அடுத்து, நஞ்சு என்னும் கேள்வி. பாதரசம் தனியாக இருக்கும்போது ஆவியாகி மூச்சில் கலந்தால் தீங்கானது என்பதில் ஐயமில்லை. கலவையாக இறுகியபின் அதிலிருந்து வெளிவரும் ஆவி மிகமிகச் சொற்பம். ஆயினும் எச்சரிக்கை வேண்டியவர்கள் உண்டு. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 இல் வெளியிட்ட அறிவுரையில், கர்ப்பிணிகள், கர்ப்பமாக எண்ணியுள்ளவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு இயன்றவரை இதைத் தவிர்க்கும்படி கூறியது. அதே அறிவுரை மற்றொன்றையும் வலியுறுத்தியது: ஏற்கெனவே வைத்து நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பை, பயத்தால் தோண்டி எடுக்கக் கூடாது. குடைந்து எடுக்கும்போதுதான் ஆவி அதிகமாக வெளிப்படும். நல்ல பல்லும் மேலும் குறையும்.

பாதரசத்தின் பெரிய தீங்கு கழிவு வழியாக வருகிறது. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956 இல் அந்நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. நம் தமிழகத்திலும் கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001 இல் மூடப்பட்டது. கடலையும் கழுவெளியையும் நம்பி, மீனை அன்றாட உணவாகக் கொண்ட மரக்காணம் போன்ற ஊர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

அந்த ஜப்பானிய ஊரின் பெயராலேயே 2013 இல் மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 2018 இல் அதில் இணைந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் இக்கலவையைத் தவிர்க்க வேண்டும் என்று 2022 இல் அதில் சேர்க்கப்பட்டது. 2025 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளில் இதைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. 2034க்குள் உலகெங்கும் இதைக் கைவிடுவது என்று உடன்படிக்கை நாடுகள் 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவு செய்தன. ஆக, வெள்ளி அடைப்பு விடைபெறும் காலம் வந்துவிட்டது. அதற்காக அதை வைத்திருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக அடைப்பவர் வேறு பொருளை முதலில் நாடலாம்.

2. பல் நிற அடைப்பு

இன்று பல் மருத்துவமனைகளில் மிகுதியாக வைக்கப்படுவது கம்பாசிட் எனப்படும் பல் நிற அடைப்பு. செயற்கைப் பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சேர்ந்தது இது. அமெரிக்கரான போவன் என்பவர் 1962 இல் காப்புரிமை பெற்ற பிசினே இதற்கு அடிப்படை. முதலில் குழியின் சுவரை மெல்லிய அமிலத்தால் சொரசொரப்பாக்கி, கழுவி உலர்த்தி, ஒட்டுத்திரவம் பூசுவார்கள். பிறகு பிசினை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கின்மீதும் நீல ஒளியைச் சில விநாடிகள் பாய்ச்சி இறுக வைப்பார்கள். ஓர் அடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒளி அடிவரை சென்று சேராது என்பதால்தான் இத்தனை பொறுமை.

இதன் சிறப்புகள்: பல்லின் நிறத்திலேயே இருக்கும். பல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். பாதரசம் இல்லை. அப்போதே இறுகிவிடும்.

குறைகள்: இறுகும்போது சிறிது சுருங்கும். கவனக்குறைவாக வைத்தால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து, உள்ளே மீண்டும் சொத்தை தொடங்கும். வைக்கும்போது உமிழ்நீரோ இரத்தமோ துளியும் படக்கூடாது. ஈறுக்குக் கீழே இறங்கிய குழியில் இது கடினம். செலவும் நேரமும் கூடுதல். நன்றாக வைத்தால் ஏழு முதல் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ நிலைக்கும்.

ஒட்டுத்திரவத்தைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். சிலவகைத் திரவங்களில் ஆல்கஹால் கரைப்பானாகச் சேர்க்கப்படுகிறது. வேறு சிலவற்றில் அசிட்டோனோ நீரோ இருக்கிறது. எதுவாயினும் பிசினை வைக்குமுன் காற்றூதி அந்தக் கரைப்பானை ஆவியாக்கிவிடுகிறார்கள். இதிலும் பேணுதல் வேண்டும் என்று கருதுபவர், ஆல்கஹால் இல்லாத வகை உண்டா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அதற்காக மருத்துவத்தையே ஒத்திப்போட வேண்டியதில்லை.

3. சிமெண்ட் அடைப்பு

"சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்" என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் கிளாஸ் அயனோமர் என்னும் பொருளை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்னும் இருவர் இதை உருவாக்கினார்கள். ஃபுளோரைடு கலந்த கண்ணாடித் தூளை ஒருவகை அமிலக் கரைசலோடு குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். எந்தப் பசையும் இல்லாமல் பல்லோடு இரசாயன முறையில் தானே ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து சிறிது சிறிதாகக் கசியும் ஃபுளோரைடு, பக்கத்துப் பல்லையும் சொத்தையிலிருந்து காக்க உதவும்.

இது வலுவில் முன்னிரண்டுக்கும் குறைந்தது. கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பெருங்குழியை இதனால் அடைத்தால் சில ஆண்டுகளில் தேயும் அல்லது உடையும். ஆனால் குழந்தைகளின் பாற்பற்கள், ஈறோரத்துக் குழிகள், முதியோரின் வேர்ப்பகுதிச் சொத்தை ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. செலவும் குறைவு.

இன்னொரு நன்மையும் இதில் உண்டு. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் குடையும் பொறியும் இல்லாத கிராமங்களுக்காக ஒரு முறை தொடங்கப்பட்டது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு இந்தச் சிமெண்டால் அடைப்பதே அந்த முறை. குழந்தைகளுக்கு அச்சமும் இல்லை, பெரும்பாலும் ஊசியும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களிலும் மருத்துவ முகாம்களிலும் இதைச் செய்ய முடியும். பட்டணத்துக்குப் போய்வரக் கூலி நாளை இழக்க வேண்டிய குடும்பங்களுக்கு இது ஒரு பேருதவி.

4. தங்கமும் பீங்கானும்

தங்க அடைப்பை வாய்க்கு வெளியே அச்சில் வார்த்து, பிறகு பொருத்துவார்கள். துருப்பிடிக்காது, எதிர்ப்பல்லைத் தேய்க்காது, இருபதாண்டுக்கு மேலும் நிலைக்கும். பெண்களுக்கு இதில் மார்க்கத் தடையில்லை. ஆண்களைப் பொறுத்தவரை, மேலே கண்டபடி தேவைக்கு அனுமதி உண்டு. ஆனால் இன்று பல் நிறத்தில் பீங்கான் அடைப்பும், உறுதியான வேறு பொருள்களும் கிடைக்கின்றன. வேறு பொருளால் தேவை நிறைவேறும்போது, அழகுக்காகவோ பெருமைக்காகவோ ஓர் ஆண் தங்கப் பல்லைக் காட்டித் திரிவது பேணுதலுக்கு ஏற்றதன்று. பீங்கானுக்கும் செலவு அதிகம். பெரும்பகுதி சிதைந்த கடைவாய்ப் பல்லுக்கே அது தேவைப்படும்.

தற்காலிக அடைப்பு

கிராம்புத் தைலத்தின் சத்தும் துத்தநாகத் தூளும் சேர்ந்த ஒரு பொருளை, வலியைத் தணிக்கச் சில நாட்களுக்கு வைத்து அனுப்புவார்கள். வலி நின்றுவிட்டதே என்று மீண்டும் போகாமல் இருந்துவிடுவது நம்மவர் பலரின் வழக்கம். அது நிலையான அடைப்பன்று. கரைந்து தேய்ந்துவிடும். அடியில் சொத்தை தொடரும். கிராம்புச் சத்து, பல் நிறப் பிசினை இறுகவிடாமல் தடுக்கும். எனவே எந்த மருந்து வைக்கப்பட்டது என்பதை அடுத்த மருத்துவரிடம் சொல்வது நலம். வலிக்குப் புகையிலைத் தூளையும் மூக்குப்பொடியையும் குழியில் திணிப்பது ஈறைப் புண்ணாக்கும். உப்பளத்துக் கல் உப்பை அப்படியே தேய்த்துப் பல் துலக்குவதும் எனாமலைத் தேய்த்துவிடும். வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிப்பதே நல்ல முறை.

எந்தப் பல்லுக்கு எது?

எல்லாப் பல்லுக்கும் ஏற்ற ஒரே பொருள் என்று ஒன்று இல்லை என்பது இதுவரை கூறியதிலிருந்து விளங்கியிருக்கும். முன்பல்லுக்குப் பல் நிற அடைப்பு. கடைவாய்ப் பல்லில் சிறு குழிக்கும் நடுத்தரக் குழிக்கும் அதுவே. குழந்தைகளுக்கும் ஈறோரத்துக்கும் சிமெண்ட். பல்லின் பெரும்பகுதி போய்விட்டால் பீங்கானோ முழு உறையோ. ஈரத்தைத் தடுக்கவே முடியாத இடத்தில் மருத்துவர் வெள்ளி அடைப்பைப் பரிந்துரைத்தால், மேலே சொன்ன விலக்கப்பட்டவர்களில் ஒருவராக இல்லாதவரை அஞ்சத் தேவையில்லை. "எது மிக விலை உயர்ந்தது?" என்று கேட்பதைவிட, "இந்த இடத்தில் எது நிலைக்கும்? ஏன்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவுக்கு அஞ்சுவோர் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவை நாடலாம். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிலையமும் ஜிப்மர் மருத்துவமனையும் இருக்கின்றன. மரக்காணம் இவ்விரு நகரங்களையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

குளிப்பும் ஒளுவும்

இனி முதல் தயக்கத்தைத் தீர்ப்போம். ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்து. கடமையான குளிப்பில் ஷாபிஈ மத்ஹபில் அது ஸுன்னத்து. ஹனபி மத்ஹபில் பர்ளு. ஆகவே ஷாபிஈ மத்ஹபினருக்கு இந்தக் கேள்வியே எழ இடமில்லை.

ஹனபி மத்ஹபினரைப் பொறுத்தவரை, வாயின் உட்புறம் முழுவதும் தண்ணீர் பட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நிலையாக ஒட்டி, எடுத்தால் பல்லுக்குச் சேதமும் மனிதனுக்குச் சிரமமும் உண்டாக்கும் பொருள், பல்லின் பகுதியாகவே கருதப்படும். அதன் மேற்பரப்பில் தண்ணீர் பட்டால் போதும் என்பதே ஆலிம்களின் தீர்ப்பு. கழற்றி மாட்டும் செயற்கைப் பல் அப்படியன்று. குளிக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். சொத்தைப் பல்லின் குழியில் சிக்கிய உணவைப் பற்றி ஹனபி சட்டநூல்களே பேசுகின்றன. மிருதுவான உணவானால் தண்ணீர் ஊடுருவிவிடும், குற்றமில்லை என்றும், கெட்டியாக இறுகிக் கிடந்தால் குளிப்புக்குத் தடையாகும் என்றும் அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். அப்படியானால், அடைக்காத குழியே ஐயத்துக்கு இடமளிக்கிறது. நன்றாக அடைத்த பல்லோ வழுவழுப்பாக, தண்ணீர் தடையின்றி ஓடும் பரப்பாக ஆகிவிடுகிறது. குளிப்பு கூடாதோ என்று அஞ்சிப் பல்லை அடைக்காமலிருப்பவர், ஐயத்தைத் தீர்ப்பதாக எண்ணி அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

அடைத்த அன்று மென்மையாக வாய் கொப்பளிக்கலாம். பல் பிடுங்கிய அன்று மட்டும் வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. உறைந்த இரத்தம் பெயர்ந்து, வலி கடுமையாகும். தண்ணீரை வாயில் எடுத்து மெதுவாகச் சாய்த்து விட்டுவிட்டாலே கொப்பளிப்பு நிறைவேறும். உமிழ்நீரில் இரத்தம் மிகைத்தாலும், இரண்டும் சமமாக இருந்தாலும் ஹனபி மத்ஹபில் ஒளு முறியும். ஷாபிஈ மத்ஹபில் இரத்தம் வருவதால் ஒளு முறியாது. ஆயினும் வாயைக் கழுவிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

நோன்பில்

ரமலானில் பல் வலி வந்தால் என்ன செய்வது? 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாதமி, பல்லைக் குடைவதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும், தொண்டைக்குள் எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. ஆனால் குடையும் கருவி தண்ணீரைப் பீய்ச்சும். சிறிது தொண்டைக்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு. எனவே இப்தாருக்குப் பின் செய்துகொள்வதே பேணுதல். அதைவிடச் சிறந்தது, ஷஃபானிலேயே குடும்பத்தார் அனைவரும் பல்லைக் காட்டிக்கொள்வது.

மூன்றாவது தயக்கம்

"ஒருநாள் விழத்தானே போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஆம், எந்த அடைப்பும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. தேய்ந்தால் மீண்டும் அடைக்கலாம். ஆனால் பிடுங்கிய பல்லின் இடத்தில் அடைக்க எதுவுமில்லை. இரு பக்கத்துப் பற்களும் அந்த இடைவெளியில் சாயும். எதிர்ப்பல் நீண்டு இறங்கும். மெல்லும் வேலை முழுவதும் மறுபக்கத்தின்மேல் விழும். ஒரு பல்லை இழப்பது பல பற்களை இழப்பதன் தொடக்கம். அடைப்பு பத்தாண்டு நிலைத்தாலும், அந்தப் பத்தாண்டும் இறைவன் தந்த சொந்தப் பல்லால் நாம் உண்டு மகிழ்ந்த பத்தாண்டல்லவா?

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் ஒரு சிறு கரும்புள்ளி தெரியும்போதே கவனிப்பது அந்த அமானிதத்தைப் பேணுவதாகும். குடும்பத் தலைவர்களே! தாய்மார்களே! இன்றிரவு பிள்ளைகள் உறங்கப் போகுமுன், வெளிச்சத்தில் அவர்களை வாய் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். கறுப்புத் தெரிந்தால் வலிக்காகக் காத்திராதீர்கள். அப்படியே உங்கள் வாயையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நலமான உடலையும் ஐயமற்ற வணக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.